மேல்வீட்டுக் கசிவு, கீழ்வீட்டுக் கோபம்: சங்கம் எப்போது தலையிட வேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக வைத்துப் படித்தேன். எழுதியவர்களில் குடியிருப்போரும் இருக்கிறார்கள், சங்கப் பொறுப்பில் இருப்போரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரோடு தகராறு வந்தால் சங்கம் எந்த இடத்தில் உள்ளே வர வேண்டும், எந்த இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். சென்னையில் 36 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் என் வருத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சங்கங்களில் பல, குழாயும் சுவரும் தங்கள் பொறுப்பு என்பதை மறந்து ஒதுங்கிக்கொள்கின்றன. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதில் உரிமை கொண்டாடுகின்றன. இது தலைகீழாக மாற வேண்டும் என்பதே கீழே உள்ள பதில்கள் அனைத்தின் அடிப்படை.

கேள்வி: எங்கள் வீடு இரண்டாம் தளத்தில் இருக்கிறது. எட்டு மாதங்களாகப் படுக்கையறைச் சுவர் ஈரம் காயவில்லை. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்துதான் நீர் இறங்குகிறது என்று நினைக்கிறோம். அந்த வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஃபோனை எடுப்பதில்லை. குடியிருப்பவரோ, “நான் வாடகைக்கு இருப்பவன், ஓனரிடம் பேசுங்கள்” என்கிறார். செயலாளரிடம் முறையிட்டால், “இது உங்கள் இரண்டு வீட்டுப் பிரச்சினை, சங்கம் இதில் வராது” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா? (வாசகி, வேளச்சேரி, சென்னை)

சரியில்லை, அம்மா. நீர்க்கசிவு என்பது இரண்டு வீடுகளுக்கு இடையில் தொடங்கினாலும் இரண்டு வீடுகளோடு நிற்பதில்லை. உங்கள் கூரையாகவும் மேல்வீட்டுத் தரையாகவும் இருக்கும் கான்கிரீட் தளம் கட்டடத்தின் உடம்பு. அதற்குள் ஈரம் தொடர்ந்து இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டை வெடிக்கவைத்து உதிர்த்துவிடும். தூண், உத்தரம், தாங்கு சுவர், மேல்தளம் போன்றவற்றை எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான பகுதிகளாகவே அடுக்குமாடிச் சட்டங்கள் கருதுகின்றன. அவற்றுக்குக் கேடு வருகிறதா என்று பார்க்கும் கடமை சங்கத்துக்கு உண்டு. அதைவிட முக்கியமாக, நீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாத நிலையில் அது யாருடைய பிரச்சினை என்று செயலாளரால் எப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தளத்தில் இருந்த குடும்பமும் அதற்கு நேர் மேலே இருந்த குடும்பமும் ஓராண்டுக்கு மேலாகப் பேசிக்கொள்ளவில்லை. படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் திரும்பிப் போய்விடுவார். கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. மேல்வீட்டார் ஏற்கெனவே இரண்டு முறை குளியலறைத் தரையை உடைத்து டைல்ஸ் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது முறையும் உடைக்க வேண்டும் என்று கீழ்வீட்டார் கேட்டபோதுதான் விவகாரம் எங்களிடம் வந்தது. ஒரு பிளம்பரை அழைத்தோம். அவர் மேல்வீட்டுக் குளியலறையின் நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் நீர் வடியும் துளையை, துணி சுற்றி அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, அதில் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டார். இரண்டு நாள் அந்த நீர் அப்படியே நின்றது. கீழே ஒரு சொட்டு நீலம்கூட இறங்கவில்லை. பிறகு மொட்டை மாடிக்குச் சென்று, ஷாஃப்ட் (குழாய்களுக்காகக் கட்டடத்தில் விடப்படும் செங்குத்தான இடைவெளி) வழியாக இறங்கும் கழிவுநீர்க் குழாயின் திறந்த வாயில் நீலம் கலந்த நீரை வாளி வாளியாக ஊற்றினார். மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மாள் என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, கடுகு, மிளகு டப்பாக்களை நகர்த்திக் காட்டினார். அலமாரிக்குப் பின்னால் சுவரில் இளநீலமாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஷாஃப்டுக்குள் குழாயின் இணைப்பு ஒன்று விலகியிருந்தது. அது சங்கத்தின் குழாய். எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு குழாய்க்காக இரண்டு குடும்பங்கள் ஓராண்டு பகைத்துக்கொண்டிருந்தன. நாங்களும் அது அவர்கள் பிரச்சினை என்று இருந்துவிட்டோம். அந்த நீலக் கோடு இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவே உங்கள் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை தீர்ப்புச் சொல்வது அன்று, காரணத்தைக் கண்டுபிடிப்பது. இரு வீட்டாருக்கும் தேதி குறிப்பிட்டுத் தெரிவித்துவிட்டு, இரு வீட்டாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு பிளம்பரையோ கட்டடப் பொறியாளரையோ அழைத்து, இரு தரப்பும் உடனிருக்கச் சோதனை செய்து, கண்டதை ஒரு தாளில் எழுதி, படங்களோடு இரு வீட்டாருக்கும் கொடுக்க வேண்டும். பல குடியிருப்புகளின் துணைவிதிகளில், பொதுப் பகுதிக்குக் கேடு வரும் நிலையில் முன்கூட்டித் தெரிவித்து ஒரு வீட்டுக்குள் சென்று பார்வையிடும் உரிமை நிர்வாகக் குழுவுக்குத் தரப்பட்டிருக்கும். உங்கள் பைலாவில் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய், ட்ராப், டைல்ஸ் இணைப்பு ஆகியவற்றில் பழுது இருந்தால் அந்த வீட்டு உரிமையாளரும், பல வீடுகளுக்குப் பொதுவான குழாய், வெளிச்சுவர், மொட்டை மாடி ஆகியவற்றில் பழுது இருந்தால் சங்கமும் ஏற்பதுதான் பெரும்பாலான துணைவிதிகளின் நடைமுறை. உங்கள் வீடு ஒப்படைக்கப்பட்டு 5 ஆண்டுகள் நிறைவடையவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அந்தக் காலத்துக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணம் இன்றிச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. அப்படி இருந்தால் மேல்வீட்டாரும் உங்களைப் போலவே பாதிக்கப்பட்டவர். இருவருக்காகவும் கட்டுநருக்கு எழுத வேண்டியது சங்கம்.

சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளரை விடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர் ஆய்வுக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும். தரையை உடைத்துச் சரிசெய்யும் பொறுப்பு அவருடையது அன்று. சங்கம் தன் பதிவேட்டில் உள்ள முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் ஆய்வு அறிக்கையை அனுப்பி, காலக்கெடு குறிப்பிட வேண்டும். அதன் பிறகும் அசையாவிட்டால், பழுதைச் சரிசெய்ய உத்தரவிடக் கோரியும் இழப்பீடு கேட்டும் நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அங்கே சங்கத்தின் அந்த ஆய்வறிக்கை உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும். இன்றிலிருந்து சுவரை வாரம் ஒரு முறை தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: 120 வீடுகள் கொண்ட குடியிருப்பின் செயலாளர் நான். வாரத்துக்கு மூன்று, நான்கு சத்தப் புகார்கள் வருகின்றன. மேல்வீட்டுக் குழந்தைகள் ஓடுகிறார்கள், விடியற்காலையில் மிக்ஸி ஓடுகிறது, எதிர்வீட்டில் மாலை முழுவதும் பாட்டு வகுப்பு, வேறொரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் டிரில்லிங். எல்லாவற்றுக்கும் நான் ஓட வேண்டுமா? (வாசகர், தாம்பரம்)

நான்கும் சத்தம் என்பதால் நான்கையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். அவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள்.

குழந்தைகள் ஓடுவது வாழ்க்கை. மூன்று வயதுக் குழந்தைக்குச் சங்கம் நோட்டீஸ் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. விடியற்காலை மிக்ஸியும் அப்படித்தான். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டிய ஒரு பெண்மணி ஐந்து மணிக்குச் சட்னி அரைப்பதை எந்த விதியின் கீழ் நிறுத்துவீர்கள்? இத்தகைய புகார் வந்தால், “நீங்கள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் புகார்களுக்கு மேல், எதிர்த்தரப்புக்கே தெரியாமல்தான் என்னிடம் வந்தன. மிக்ஸிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டதோடு முடிந்த சண்டையும் உண்டு. புகார் கொடுப்பவர் அந்த வீட்டாரிடம் பேச உண்மையாகவே அஞ்சுகிறார் என்றால் மட்டும் நீங்கள் உடன் செல்லலாம்.

பாட்டு வகுப்பு வேறு வகை. வீட்டுப் பெண் மாலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்தால் அது அவர்கள் வீட்டுக் காரியம். தினமும் இருபது மாணவர்கள் வந்து, லிஃப்ட் நிறைந்து, பெற்றோர்களின் வண்டிகள் மற்றவர்களின் பார்க்கிங்கில் நின்று, வாட்ச்மேனுக்கு யார் உள்ளே வருகிறார்கள் என்றே தெரியாமல் போனால், அங்கே பாதிக்கப்படுவது எதிர்வீட்டாரின் காது மட்டும் அன்று, எல்லோருக்கும் பொதுவான இடமும் பாதுகாப்பும். அந்தக் கட்டத்தில் சங்கம் தலையிட வேண்டும். ஆனால் பேச வேண்டியது வகுப்பை நிறுத்துவதைப் பற்றி அன்று. நேரம், மாணவர் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பற்றி. சொல்லிக்கொடுப்பதை நம்பி வாழும் ஒருவரின் வருமானத்தில் கை வைக்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

டிரில்லிங் முழுக்க முழுக்க உங்கள் வேலை. இன்டீரியர் வேலைக்குத் தனித்தனி வீட்டார் தங்களுக்குள் பேசி நேரம் வகுக்க முடியாது. எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உடைக்கலாம், துளையிடலாம் என்பதைப் பொதுக்குழு தீர்மானித்து, வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சுவரை அகற்றுவதாக இருந்தால், அது தாங்கு சுவர் இல்லை என்ற பொறியாளரின் கடிதம் இல்லாமல் சிமென்ட் மூட்டையைக்கூட கேட்டுக்குள் விடக்கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

ஒலிபெருக்கி, பார்ட்டி, ஜெனரேட்டர் போன்ற சத்தங்களுக்கு அரசின் விதியே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இரவு 11 மணிக்கு மொட்டை மாடியில் ஸ்பீக்கர் அலறினால், மொட்டை மாடி பொது இடம் என்பதால் நீங்களே சென்று நிறுத்தச் சொல்லலாம். கேட்காவிட்டால் காவல் துறையை அழைக்கலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எந்தப் புகாரையும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் விசாரிக்காதீர்கள். இரண்டு பேர் அமர்ந்து பேசினால் பத்து நிமிடத்தில் முடிகிற ஒன்று, 120 வீடுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. புகாரைத் தனியாக, எழுத்தில் வாங்குங்கள். இரு தரப்பும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் உங்கள் குடியிருப்பில் கட்டாயம் இருப்பார். அவர் வீட்டு வரவேற்பறையில் இருவரையும் அமரவைத்துப் பேசவிடுங்கள். நிர்வாகக் குழு நீதிமன்றம் அன்று. மனம்விட்டுப் பேச ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பதும் உதவிதான்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் அசைவம் சமைப்பவர்களுக்கும் திருமணம் ஆகாத இளைஞர்களுக்கும் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து மீன் வாசனை வருகிறது என்ற ஒரு புகார்தான் இதற்குத் தொடக்கம். சங்கத்துக்கு இந்த அதிகாரம் இருக்கிறதா? (வாசகர், கோயம்புத்தூர்)

இல்லை என்பதே என் உறுதியான கருத்து. கிரயப் பத்திரத்தின் மூலம் வீடும் நிலத்தில் பிரிபடாத பாகமும் வாங்கிய உரிமையாளருக்கு, சட்டத்துக்கு உட்பட்ட யாருக்கும் தன் வீட்டை வாடகைக்கு விடும் உரிமை உண்டு. அதை ஒரு நிர்வாகக் குழு தன் தீர்மானத்தால் பறிக்க முடியாது. குடியிருப்பவர் யார் என்ற விவரத்தைக் கேட்கலாம், வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம், பராமரிப்புக் கட்டணத்தை யார் தருவார் என்று கேட்கலாம். அவர் என்ன உண்கிறார் என்று கேட்பதற்கு உங்கள் குழுவுக்கு எந்த உரிமையும் இல்லை. நம் ஊரில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் சாதியையும் மதத்தையும் பற்றிக் கேட்கும் கேள்விதான் என்பதைக் கேட்பவரும் அறிவார், பதில் சொல்பவரும் அறிவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்து, வீடு கிடைக்காமல் திரும்பியவர்களை நான் அறிவேன். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் அந்த அவமானம் அச்சாகக்கூடாது.

குழுவில் யாரேனும் 2005-ஆம் ஆண்டில் பார்சி சமூகத்தாரின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் காட்டக்கூடும். அந்தச் சமூகத்தாருக்கே உறுப்பினர் உரிமை என்ற துணைவிதியை அந்தத் தீர்ப்பு ஏற்றது உண்மைதான். ஆனால் அது அந்தச் சமூகத்தாருக்கென்றே தொடங்கப்பட்டு, உறுப்பினராகச் சேரும்போதே அந்த விதியை ஏற்றுக்கொண்டவர்களின் கூட்டுறவுச் சங்கம். விளம்பரம் செய்து, பணம் தந்தவர் எவருக்கும் விற்கப்பட்ட உங்கள் அடுக்குமாடிக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது.

மீன் வாசனைப் புகாரில் சங்கம் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டுச் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். அது பொதுவான ஷாஃப்டில் திறந்து, ஷாஃப்டின் மேல்பகுதி ஷீட் போட்டு மூடப்பட்டிருந்தால், எல்லா வீட்டுப் புகையும் எல்லா வீட்டுக்குள்ளும்தான் போகும். கருவாடு மட்டும் அன்று, தாளிக்கும் மிளகாயும் போகும். ஷாஃப்டைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். ஷாஃப்ட் சங்கத்துடையது, வாணலி அந்த வீட்டாருடையது.

கேள்வி: நாய் வளர்ப்பவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக்கூடாது என்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானித்தோம். ஒரு வீட்டார் மறுக்கிறார்கள். அபராதம் விதிக்கலாமா? (வாசகர், திருச்சி)

விதிக்க வேண்டாம். செல்லப் பிராணிகள் தொடர்பாக இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பெரும்பான்மை இருந்தாலும் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்றும், லிஃப்டைப் பயன்படுத்துவதை மறுக்கக்கூடாது என்றும், அதற்கெனக் கட்டணமோ அபராதமோ வசூலிக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. அதே நேரத்தில், நாயைக் கண்டு நடுங்கும் ஒரு முதியவரின் அச்சமும் பொய்யானது அன்று. பொது இடத்தில் சங்கிலியைப் பிடித்திருக்க வேண்டும், அசுத்தம் செய்தால் வளர்ப்பவரே அள்ள வேண்டும், தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும், லிஃப்டில் அஞ்சுபவர் ஒருவர் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்று இரு தரப்பையும் அமரவைத்து எழுதிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் அது சங்கக் கூட்டத்தில் பேசும் விஷயமே அன்று. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் சங்கத் தலைவர் தன் எதிர்வீட்டாரோடு வராந்தாவில் செருப்பு அலமாரி வைப்பது குறித்துச் சண்டை போட்டார். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் பராமரிப்புப் பாக்கி என்று காரணம் காட்டித் தண்ணீர் இணைப்பை நிறுத்திவிட்டார்கள். இது முறையா? (வாசகி, மதுரை)

முறையன்று. முதலில் அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வராந்தாவும் படிக்கட்டும் தீ விபத்தின்போது எல்லோரும் ஓடிவரும் வழி. புகை சூழ்ந்த இருட்டில் ஒரு செருப்பு அலமாரி உயிரைப் பறிக்கும். அதை அகற்றச் சொல்ல சங்கத்துக்கு முழு உரிமை உண்டு, ஆனால் எல்லா வீட்டு அலமாரிகளையும் ஒரே நாளில் அகற்றச் சொல்ல வேண்டும். தலைவருக்குப் பிடிக்காத வீட்டு அலமாரி மட்டும் கண்ணில் பட்டால் அதற்குப் பெயர் நிர்வாகம் அன்று.

நிர்வாகக் குழுவில் உள்ளவரே ஒரு தரப்பாக இருக்கும்போது, அந்த விவகாரம் பேசப்படும் கூட்டத்தில் அவர் அமரக்கூடாது, வாக்களிக்கவும் கூடாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய நெறி அன்று. குழு முழுவதுமே அவருக்கு வேண்டியவர்கள் என்றால், பொறுப்பில் இல்லாத மூன்று உறுப்பினர்களைப் பொதுக்குழு தேர்ந்தெடுத்து அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

தண்ணீரை நிறுத்துவது மிகப் பெரிய தவறு. பாக்கி இருந்தால் நோட்டீஸ் கொடுங்கள், பைலா அனுமதிக்கும் வட்டியைப் போடுங்கள், பண வசூல் வழக்குத் தொடுங்கள். குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டின் குழாயை மூடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரோ சொத்து மேலாளரோ அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. வாடகைதாரருக்கே சட்டம் தரும் அந்தப் பாதுகாப்பைச் சொந்த வீட்டுக்காரருக்கு மறுப்பதை நீதிமன்றத்தில் நியாயப்படுத்துவது கடினம்.

உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய சங்கங்களில் பல 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால், சங்கத்தின் நடவடிக்கைகளை மாவட்டப் பதிவாளர் விசாரிக்க வழி உண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பைலா அதற்கு ஏற்றபடி திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வழக்குக்குப் போகும் முன் இன்னொரு கதவையும் தட்டலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடுக்காமலேயே, நீதிமன்றக் கட்டணம் இல்லாமல், இரு தரப்பையும் அழைத்துப் பேச ஏற்பாடு செய்வார்கள். அங்கே ஏற்படும் உடன்பாடு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மீது மேல்முறையீடு இல்லை. நீதிமன்றம் ஏறிவிட்ட வழக்குகளுக்குச் சமரச மையங்கள் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் அத்தகைய மையம் 2005-இலேயே தொடங்கப்பட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக முடியாத சொந்தக்காரர்களுக்கு, ஒருவர் தோற்று ஒருவர் வெல்லும் தீர்ப்பைக் காட்டிலும் இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் நெடுநாள் உதவும்.

கேள்வி: என் பக்கத்து வீட்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு பெண் அடிபடும் சத்தம் கேட்கிறது. குழந்தை அழுகிறது. சங்கத்தில் சொன்னேன். “அது குடும்ப விஷயம், நாம் தலையிட முடியாது” என்றார்கள். மறுநாள் அந்தக் கணவரைக் கூப்பிட்டு, “சத்தம் வெளியே கேட்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். நான் செய்தது தவறோ என்று அஞ்சுகிறேன். (வாசகி, சென்னை)

நீங்கள் செய்தது தவறு அன்று, அம்மா. சங்கம் செய்த இரண்டுமே தவறு. குடும்ப விஷயம் என்று சொன்னது முதல் தவறு. அதைவிடப் பெரியது, அடிப்பவரை அழைத்து எச்சரித்தது. புகார் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்ட அவர், அந்தப் பெண் வெளியே வாய் திறந்தாரோ என்று நினைத்து மேலும் அடிக்கக்கூடும்.

மற்ற கடிதங்களுக்கெல்லாம் இருவரையும் அமரவைத்துப் பேசுங்கள் என்று எழுதினேன். இங்கே அதைச் சொல்லமாட்டேன். அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்த்திச் சமாதானம் பேசும் வேலையைச் சங்கம் ஒருபோதும் செய்யக்கூடாது. அச்சத்தோடு அமர்ந்திருக்கும் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். கூட்டம் முடிந்ததும் அதே கதவுக்குப் பின்னால்தான் போயாக வேண்டும்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் சுமத்தப்படாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அடி விழுந்துகொண்டிருக்கும் நேரமாக இருந்தால் 112.

முடிந்தால் அந்தப் பெண் தனியாக இருக்கும் நேரத்தில், மாடியில் துணி காயப்போடும்போதோ குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதோ, 181 என்ற எண்ணை அவரிடம் சொல்லுங்கள். எதையும் கேட்டு வற்புறுத்த வேண்டாம். எந்த நேரத்திலும் உங்கள் கதவைத் தட்டலாம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். நீங்கள் சத்தம் கேட்ட நாட்களையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

சங்கத்திடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. காவல் துறையோ பாதுகாப்பு அலுவலரோ வந்தால், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க வேண்டும். அந்தத் தளத்தின் சிசிடிவி பதிவுகளை அழியவிடாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும். பல குடியிருப்புகளில் பழைய பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. செயலாளர் பதில் தரும் வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவே அந்தச் சத்தம் மீண்டும் கேட்டால், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே 112-ஐ அழையுங்கள். குடியிருப்பின் பெயர், பிளாக், தளம், வீட்டு எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.